கானுக்குள் போன முன்பல்

ஒரு பல் போனாலும் வாயில் இன்னும் முப்பத்தொன்று மிச்சம் இருக்கும். இந்தக் கணக்கை என் முன்பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிடலாம், பெரியவர்களுக்குப் புரியவைக்க முடியாது. அவர்கள் பார்ப்பது அந்த ஒரு ஓட்டையை மட்டும்தான். போனது கடவாய்ப் பல்லாக இருந்திருந்தால் நானும் சோறும் மட்டும் அறிந்த விஷயமாக முடிந்திருக்கும். எனக்குப் போனது மேல்வரிசையில் நட்டநடுவில் இருந்த பல். அதுவும் வீட்டில் கல்யாணப் பேச்சை எடுக்கிற வயதில்.

எப்படிப் போனது என்று கேட்பவர்களிடம் படியில் வழுக்கி விழுந்ததாகத்தான் இதுவரை சொல்லி வந்தேன். அது பொய். என் சோம்பலும் நாக்கு ருசியும் சேர்ந்து கொண்டுபோன பல் அது.

எங்கள் தோட்டம் பெல்மதுளைக்கு மேலே இருக்கிறது. பாதி தேயிலை, பாதி இறப்பர். தோட்டத்து முன்பள்ளியில் நான் டீச்சர். தினமும் காலையில் முப்பது பிள்ளைகளைக் குழாயடியில் வரிசையாக நிற்க வைத்து, மேலிருந்து கீழ், கீழிருந்து மேல், உள்பக்கம், வெளிப்பக்கம் என்று பல் தீட்டக் கற்றுக்கொடுப்பேன். அதே சமயத்தில் என் முன்பல்லின் பின்பக்கம் கறுப்பாக ஒரு புள்ளி உட்கார்ந்திருந்தது. உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கி நக்கி, பாலில்லாத பிளேன்ட்டி குடிக்கிற பழக்கம் எனக்கு. ஒரு நாளைக்கு ஐந்து கோப்பை. பல் கூசினால் கராம்பு எண்ணெய் தொட்டு வைப்பேன். வலி நின்றுவிட்டால் வியாதியும் நின்றுவிட்டது என்பதுதான் என் வைத்தியம்.

ஒருநாள் ஒரு பிள்ளையின் அம்மா கித்துள் கருப்பட்டி கொண்டுவந்து கொடுத்தார். அதை உடைக்க ஒரு குழவிக்கல் தேடியிருக்கலாம். (தேடினால் மற்ற டீச்சருக்கும் பங்கு கொடுக்க வேண்டி வரும்.) முன்பல்லால் கடித்தேன். 'டக்' என்று கேட்டது. கருப்பட்டிதான் உடைந்தது என்று நினைத்து மென்று முழுங்கிய பிறகு நாக்கால் தடவிப் பார்த்தேன். கருப்பட்டி கையில் முழுசாக இருந்தது.

நல்லவேளை, அது எல்லோரும் முகக் கவசம் போட்டுக்கொண்டிருந்த காலம். ஊரெல்லாம் அந்தக் கவசத்தைத் திட்டிக்கொண்டிருந்தபோது நான் ஒருத்தி மட்டும் அதைக் கையெடுத்துக் கும்பிட்டேன். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள் ஒட்டிய எங்கள் லயத்தில் ஒரு வீட்டில் தாளித்தால் ஏழு வீட்டுக்கும் என்ன குழம்பு என்று தெரியும். அப்படிப்பட்ட இடத்தில் என் பல் போனது அம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாமல் இருந்தது. அப்பாவுக்குக்கூடத் தெரியாது. அப்பா யார் முகத்தையும் பார்த்துப் பேசமாட்டார், தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துத்தான் பேசுவார். எல்லோரும் கவசத்தைக் கழற்றி வீசி மாதக்கணக்கான பிறகும் நான் போட்டுக்கொண்டே திரிந்தேன். கடைசியில் ஒரு சின்னப் பிள்ளை, "டீச்சருக்கு மட்டும் இன்னும் கொரோனாவா?" என்று வகுப்பில் கேட்டுவிட்டது. அந்தச் சனிக்கிழமையே அம்மாவை இழுத்துக்கொண்டு இரத்தினபுரிக்கு பஸ் ஏறினேன்.

பல் டொக்டர் ஒரு நடுத்தர வயது அம்மா. வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "ஏன் ரெண்டு வருஷம் சும்மா இருந்தீங்க?" என்று கேட்டார். (வாய்க்குள் கண்ணாடி இருக்கும்போது பதில் இல்லாமலிருப்பது வசதி.) ஒரு இடைவெளியை அப்படியே விட்டால் இரண்டு பக்கத்துப் பற்களும் அந்தப் பக்கம் சாயும், எதிரே இருக்கிற கீழ்ப்பல்லும் மெல்ல மேலே எழும்பும், பிறகு சரிசெய்வது கஷ்டம் என்று விளக்கினார். மூன்று வழி சொன்னார். எலும்பில் திருகு பதித்து அதன்மேல் பல் வைக்கலாம். பக்கத்துப் பற்களைச் செதுக்கி, அவற்றைப் பிடிமானமாக வைத்துப் பாலம்போலக் கட்டலாம். அல்லது கழற்றி மாட்டுகிற சின்னத் தட்டு ஒன்றில் பல் வைத்துக் கொடுக்கலாம். ஊசி, துளை, செதுக்கல் என்ற சொற்கள் எதில் வரவில்லையோ அதைத் தேர்ந்தெடுத்தேன்.

அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் ரோஸ் நிறத் தட்டு, அதில் ஒரேயொரு வெள்ளைப் பல். கொடுக்கும்போது டொக்டர் மூன்று விஷயம் சொன்னார்.

"தூங்கும்போது கழற்றித் தண்ணியில போட்டு வைங்க. சுடுதண்ணியில மட்டும் போட்டுறாதீங்க, வளைஞ்சிரும். கழுவும்போது கீழ ஒரு பேசன்ல தண்ணி வச்சுக்கிட்டு அதுக்கு மேல வச்சுத்தான் கழுவணும். கைதவறினாலும் பேசனுக்குள்ளதான் விழும்."

மூன்றுக்கும் தலையாட்டினேன். தலையாட்டுவதில் நான் எப்போதும் முதல் ஆள்.

பல் வந்த மூன்றாவது மாதம் வரனும் வந்தது. மாப்பிள்ளை ரவி, குருவிட்ட பக்கம். இரத்தினபுரி டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. போட்டோ கேட்டார்கள். இரண்டு வருடம் சிரிக்காமல் இருந்தவளுக்குப் புதுப்பல் கிடைத்தால் எப்படிச் சிரிப்பாளோ அப்படி ஒரு போட்டோ எடுத்து அனுப்பினோம். பிடித்துவிட்டது. போனில் பேசிக்கொள்ள இரண்டு வீட்டிலும் சம்மதம் கிடைத்தது. இரண்டாவது நாளே ரவி சொன்னார்.

"தப்பா நெனக்காதீங்க. உங்க சிரிப்பப் பாத்துத்தாங்க நான் சரின்னு சொன்னேன்."

போனை வைத்துவிட்டு, தட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். அவர் சரி என்று சொன்ன சாமான் அங்கே ஈரத்தோடு கிடந்தது.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம் என்று ஆறு மாதம் தள்ளிப்போட்டேன். முதலில் வெட்கமாக இருந்தது. போகப் போக அது பயமாகிவிட்டது, ஏனென்றால் எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது. கடையில் ஆணி வாங்க வந்தவர்கள் பற்றி அவர் சொல்கிற கதைகளுக்கு நான் கையால் வாயைப் பொத்திக்கொள்ளாமல் சிரிப்பேன். பல் விஷயம் தெரிந்தால் இந்தப் போன் நின்றுவிடும் என்று தோன்றும். அம்மாவோ, "கல்யாணம் முடியட்டும், பொறகு பேசிக்கலாம்" என்று சொல்லியே என் வாயை அடைத்துவிட்டார்.

கடைசியில் அவர்கள் பெண் பார்க்க வருகிற ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

முந்தின நாள் முழுக்க நல்ல மழை. விடிந்ததும் மழை விட்டிருந்தது. யாரும் வருவதற்கு முன்னால் முகம் கழுவிவிடலாம் என்று பீலிக்குப் போனேன். மலையிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் வந்து கொட்டுகிற இடம் அது. கீழே துவைக்கிற கல், அதை ஒட்டித் தண்ணீர் வடிந்தோட ஒரு கான். அந்தக் கான் எங்கள் லயத்து மரக்கறிப் பாத்திகளுக்குப் பக்கமாகப் போய் ஓடையில் விழும். மழையில் மேலிருந்து அடித்துக்கொண்டு வந்த சரளையும் மணலும் அதில் முழங்கால் அளவுக்கு நிறைந்து கிடந்தது.

தட்டைக் கழற்றி, துவைக்கிற கல்லில் சவர்க்காரத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். (பேசனா? அதில் வீட்டில் பலகாரத்துக்கு மாவு பிசைந்து வைத்திருந்தது.) பல் தீட்டி, முகத்துக்குச் சவர்க்காரம் போட்டுக் கண்ணை மூடியிருந்த நேரம், படியில் செருப்புச் சத்தம் கேட்டது. லயத்தில் எங்கள் பக்கத்துக் காம்பரா வீட்டு லெச்சுமி அத்தை. தோட்டத்துச் செய்திகளெல்லாம் அவர் வாயிலிருந்துதான் புறப்படும். என் வாயில் பல் இல்லை, கண்ணில் சவர்க்காரம். பதறிப்போய் வாளியைத் தூக்கி, முகத்திலும் கல்லிலுமாக ஒரே ஊற்று ஊற்றினேன்.

கண்ணைத் திறந்தபோது கல் சுத்தமாக இருந்தது.

சவர்க்காரம் கானின் வாயில் தங்கியிருந்தது. பல் இல்லை. நைட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு கானுக்குள் இறங்கி, குனிந்து சரளையைக் கையால் கிளற ஆரம்பித்தேன்.

"என்னா புள்ள தேடுற?" என்றார் லெச்சுமி அத்தை.

தோளில் கிடந்த துவாயால் வாயைப் பொத்திக்கொண்டு, ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன்.

"எதும் விழுந்துருச்சா?"

மறுபடியும் இல்லை என்று தலையாட்டினேன்.

அவர் என்னைப் பார்த்தார். கானைப் பார்த்தார். வந்த வேகத்தைவிட அதிக வேகத்தில் படியேறிப் போனார்.

இங்கேதான் வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் மண்ணுக்கடியில் மாணிக்கக் கல் கிடக்கிறது. மழை விட்ட காலையில் கான் ஓரத்திலும் ஓடைக்கரையிலும் நிலத்தைப் பார்த்து நடக்காதவர் யாரும் இல்லை. கல் ஒன்று கண்ணில் பட்டவர் அதை வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார். என்ன தேடுகிறாய் என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பார். அதனால் பெல்மதுளையில் ஒருத்தி மழை விட்ட காலையில் கானுக்குள் குனிந்து நின்று, கேட்டதற்கு ஒன்றுமில்லை என்று தலையாட்டினால், அவள் ஒரு கல்லைக் கண்டுவிட்டாள் என்றுதான் அர்த்தம். நான் எவ்வளவுக்கு வாயை மூடினேனோ அவ்வளவுக்குக் கல்லும் பெரிதாகிக்கொண்டே போனது.

கால் மணி நேரத்தில் லயமே கானுக்குள் இறங்கியிருந்தது. மண்வெட்டி, சல்லடை, சோறு வடிக்கிற தட்டு என்று கையில் கிடைத்ததோடு வந்திருந்தார்கள். யாரும் என்னிடம் எதையும் கேட்கவில்லை. எல்லோரும் சும்மா கான் துப்பரவாக்க வந்ததுபோல வேலையை ஆரம்பித்தார்கள். அதற்கு முன்னால் பத்து வருடம் அந்தக் கானை யாரும் துப்பரவாக்கியதில்லை.

தோட்டத்து வாட்சர் சோமபால மேலேயிருந்து கத்திக்கொண்டே இறங்கி வந்தார். தோட்ட நிலத்தில் யாரும் கல் தோண்டாமல் பார்ப்பதுதான் அவர் வேலை.

"மொக்கத மே? என்னா இது? தோட்டத்துல தோண்டக் கூடாதுன்னு தெரியாதா ஒங்களுக்கு?"

லெச்சுமி அத்தை அவர் காதில் ஏதோ சொன்னார். சோமபால பேச்சை நிறுத்திவிட்டு விறுவிறு என்று திரும்பிப் போனார். தோட்டத்தை நடத்துகிற தொரையைக் கூப்பிடத்தான் போகிறார், கூட்டம் கலைந்துவிடும் என்று நான் சந்தோஷப்பட்டேன். ஐந்து நிமிடத்தில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, சரளை அரிக்கிற மூங்கில் கூடையோடு வந்து கானில் இறங்கினார்.

கல் கிடைப்பதற்கு முன்பே பங்கு பிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். மாணிக்கக் குழியில் நிலத்துக்காரருக்கு இவ்வளவு, தோண்டியவருக்கு இவ்வளவு, கழுவியவருக்கு இவ்வளவு என்று பங்கு வைக்கிற வழக்கம் இருக்கிறது. அதை எங்கள் கானுக்கும் கொண்டுவந்தார்கள். தண்ணீர் தன்னுடைய கத்தரிப் பாத்திக்குப் பக்கமாகப் போவதால் நிலத்துப் பங்கு தனக்கு என்றார் லெச்சுமி அத்தை. கூடைக்குத் தனிப் பங்கு என்றார் சோமபால. இருவருக்கும் நடுவில் அப்பா வந்து நின்றார்.

"பாப்பா, நீதான் மொதல்ல கண்டியாம்ல. அப்பாகிட்ட ஒரு வார்த்த சொல்லலயே புள்ள." குரலில் உண்மையான மனவருத்தம் இருந்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, "என்னா கலர்? நீலமா?" என்றார்.

இல்லை என்று தலையாட்டினேன்.

"மஞ்சளா?"

இல்லை.

"வெள்ளையா?"

என் தலை என்னைக் கேட்காமலே 'ஆமா' என்று ஆடிவிட்டது.

"எத்தாம்பெருசு?"

பொய் சொல்லிப் பழகாத விரல், சுண்டுவிரல் நகத்தைத் தொட்டுக் காட்டியது. அப்பா அப்படியே சட்டையைக் கழற்றிப் பாக்கு மரத்தில் மாட்டிவிட்டுக் கானுக்குள் இறங்கினார்.

அம்மா வந்தபோது பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டார். என் வாய்மேல் இருந்த துவாயைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், தலையில் கை வைத்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "அய்யோ, இங்க ஒன்னுமே இல்லங்க, எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்று கும்பிட்டுக் கேட்டார். வீட்டுக்காரியே இப்படிக் கெஞ்சுகிறாள் என்றால் கல் நிச்சயம் பெரியதுதான் என்று, ஒதுங்கி நின்ற ஒன்றிரண்டு பேரும் இறங்கிவிட்டார்கள்.

"யாரும் பாக்குறதுக்கு முன்ன நீயே எடுத்து வாயில போட்டுக்க" என்றார் அம்மா என் காதில். கானுக்குள் பதினெட்டுப் பேர் இருந்தார்கள்.

மணி எட்டரை இருக்கும். மேல் ரோட்டில் ஒரு வேன் வந்து நின்றது. மறுபடி மழை பிடித்தால் ரோட்டில் மண் சரியலாம் என்று மாப்பிள்ளை வீட்டார் ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார்கள். வரவேற்க வீட்டில் யாரும் இல்லை. சத்தம் கேட்ட பக்கம் இறங்கி வந்தார்கள். முன்னால் ரவியின் அப்பா, வெள்ளை வேட்டி சட்டையில். பின்னால் பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரவியின் அம்மா. கடைசியாகக் காலில் புதுச் சப்பாத்தோடு ரவி.

ரவியின் அப்பா குருவிட்டவில் இருபது வருடம் மாணிக்கக் குழியில் சரளை கழுவியவர். முழங்கால் வலி வந்து நிறுத்தியவர். அவருக்கு முன்னால் ஒரு கான், ஒரு கூடை, மழை விட்ட காலை. வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"எங்க? எந்தப் பக்கம் கண்டது?" என்று கேட்டுக்கொண்டே வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினார். சோமபாலவின் கையிலிருந்து கூடையை வாங்கினார். "குடுங்க இப்படி. கூடைய இப்படியா புடிப்பாங்க?"

என் வருங்கால மாமனாரை நான் முதன்முதலாகப் பார்த்தது முழங்கால் அளவு சேற்றில். ரவி கரையில் நின்று என்னைத் தேடினார். அவர் கண்டது சேறு பூசிய நைட்டியும், துவாய் கட்டிய முகமும், நடுவில் இரண்டு கண்ணும். போட்டோவில் இருந்த எதுவும் அதில் இல்லை.

சரளையை அரிப்பது ஒரு தனி வேலை. கூடையைத் தண்ணீரில் வைத்துச் சுழற்றினால் பாரமானதெல்லாம் அடியில் தங்கும். இலேசான குப்பை மேலே வந்து விளிம்புக்கு ஒதுங்கும், அதைக் கையால் வழித்து எறிந்துவிடுவார்கள். ரவியின் அப்பா அதை அழகாகச் செய்தார். மூன்றாவது கூடையில் குப்பையை வழித்து எறியப் போன கை அப்படியே நின்றது. எதையோ எடுத்தார், தண்ணீரில் அலசினார். இரண்டு விரலால் பிடித்து, ஒரு கண்ணை மூடி, வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடி திருப்பினார்.

"இது பல்லுங்க" என்றார்.

"பல்லா?" என்றார் சோமபால சிங்களத்தில் ஒரு தடவையும் தமிழில் ஒரு தடவையும். அப்பா மட்டும், "நல்லாப் பாருங்க சம்பந்தி" என்றார்.

எல்லோரும் தங்கள் தங்கள் வாய்க்குள் நாக்கை ஓட்டிப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருவர் மாற்றி ஒருவராக லெச்சுமி அத்தையின் பக்கம் திரும்பினார்கள். அத்தைக்கு முன்னால் இரண்டு பல் இல்லை. அது தோட்டம் முழுக்கத் தெரிந்த விஷயம்.

"என்னாங்க அத்தை, பல்லு கட்டுனத எங்ககிட்ட சொல்லவே இல்ல?" என்று யாரோ ஆரம்பித்தார்கள். "கொமரியா ஆவப் பாக்குறாங்க!" என்றது இன்னொரு குரல். சிரிப்பு கிளம்பியது.

"எனக்கு எதுக்குடா பொய்ப் பல்லு? இந்தா பாருங்க, வந்து பாருங்க" என்று அத்தை வாயை அகலத் திறந்து காட்டினார். அதைப் பார்த்து இன்னும் சிரித்தார்கள். மற்ற நாளாக இருந்தால் அத்தை நாலு வார்த்தை சொல்லி எல்லோரையும் ஓட்டியிருப்பார். அன்றைக்கு வெளியூர்க்காரர்கள் முன்னால் வாயை மூடிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். பல் அத்தையுடையதாகப் போயிருக்கும், எனக்கு வயிற்று வலி என்று படுத்துவிட்டிருக்கலாம். அம்மாவும் கண்ணால் அதையேதான் சொன்னார். ஆனால் இரண்டு வருடம் கவசத்தாலும் கையாலும் வாயைப் பொத்தித் திரிந்தவள் நான். அந்த வாய் மூடுகிற விதம் எனக்கு நன்றாகத் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

துவாயை எடுத்தேன். "அது என்னோடதுங்க" என்றேன்.

சிரிப்பு நின்றது. அப்பா இருபத்தைந்து வருடத்தில் முதல் தடவையாக என் முகத்தை உற்றுப் பார்த்தார். நான் ரவியின் பக்கம் பார்க்கவே இல்லை.

கரையிலிருந்து ரவியின் அம்மா பேசினார். அவர் அதுவரை ஒரு அடிகூட அசையவில்லை.

"வேற என்னாம்மா மறைச்சிருக்க?"

கேட்ட விதத்தில் கோபம் இல்லை. அதுதான் எனக்குக் கோபத்தைக் கிளப்பிவிட்டது. எல்லாம் போய்விட்டது என்று முடிவு செய்துகொண்டேன். போகிறதுதான் போகிறது, முழுசாகப் போகட்டும்.

"ரொட்டி சுட்டா கருகிரும். ஓ லெவல்ல கணக்கு ரெண்டு தடவ பெயில், மூணாவது தடவதான் பாஸ். கோவம் வந்தா ஒரு நாள் முழுக்கப் பேச மாட்டேன். போட்டோல கட்டியிருந்த சேல என்னோடது இல்ல, தோட்டத்துக் கீழ்ப் பிரிவு டீச்சரோடது." அம்மா பின்னால் நின்று கிள்ளினார். நிறுத்தவில்லை. "உங்க மகன் தெனமும் அனுப்புற குட்மோர்னிங் படம் ஒன்னையும் நான் தொறந்து பாக்குறதில்ல."

"ஒன்னையுமா?" என்றார் ரவி. அதுதான் அன்றைக்கு அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

ரவியின் அம்மா பட்டுச் சேலையை மறுபடி தூக்கிப் பிடித்துக்கொண்டார். பிறகு, "தேத்தண்ணி வச்சிருக்கீங்களா, இல்ல அதுவும் கானுக்குள்ளயா?" என்று அம்மாவிடம் கேட்டுவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தார். திரும்பிப் போகிறாரா உள்ளே போகிறாரா என்று தெரியாமல் நாங்கள் எல்லோரும் வரிசையாகப் பின்னால் போனோம்.

உள்ளேதான் போனார். நான் குளித்துச் சேலை கட்டிக்கொண்டு வருவதற்குள் அம்மா ஒரு நல்ல காரியம் செய்திருந்தார். கானில் கிடந்த சாமான் எப்படி வாய்க்குள் போவது என்று, கொதித்துக்கொண்டிருந்த கேத்தலில் பல்லைப் போட்டு மூடிவிட்டிருந்தார். எடுத்தபோது தட்டு அப்பளம்போல வளைந்திருந்தது. எந்தப் பக்கம் வைத்தாலும் ஏறவில்லை. டொக்டர் சொன்ன மூன்றில் இரண்டை ஒரே காலையில் மீறியாகிவிட்டது.

ஓட்டைப் பல்லோடு தேத்தண்ணித் தட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். இரண்டு பேரும் கொஞ்சம் பேசட்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். நாங்கள் குசினிக்குப் பின்னால் விறகு அடுக்கியிருந்த இடத்தில் போய் நின்றோம்.

"ஆறு மாசம் பேசினோம்ல. ஒரு நாளாச்சும் சொல்லியிருக்கலாம்" என்றார் ரவி. முகம் வாடியிருந்தது. குட்மோர்னிங் படங்களுக்கும் சேர்த்துத்தான் வாடியிருந்தது என்று பிறகு சொன்னார்.

"சொல்லியிருந்தா வந்திருப்பீங்களா?"

உடனே 'வந்திருப்பேன்' என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் யோசித்தார். நன்றாகவே யோசித்தார்.

"தெரியலங்க" என்றார்.

எனக்கு அவரை அந்த இடத்தில் இன்னும் அதிகமாகப் பிடித்தது. பொய் சொல்ல நல்ல வாய்ப்பு கிடைத்தும் சொல்லாத ஒருவரை நான் அப்போதுதான் பார்க்கிறேன். என்னால் ஆறு மாதமாக முடியாத காரியம் அது.

அந்த நேரம் உள்ளே அவருடைய அப்பாவின் குரல் கேட்டது. "எல்லாம் சரிங்க. கண்டெடுத்தவன் நான். அந்தப் பல்லுல எனக்கு என்னா பங்கு?" சோமபால வாசலில் நின்று, "கூடைக்கும் பங்கு இருக்கு ஐயா, அத மறந்துறாதீங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. பழக்கத்தில் கை வாய்க்குப் போனது. பாதி வழியில் எதற்கு என்று தோன்றி, கையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தேன்.

ரவி குனிந்து, பக்கத்தில் வந்து, வெட்கமே இல்லாமல் என் வாயை உற்றுப் பார்த்தார்.

"இவ்வளவுதானா?" என்றார். "நான் பெருசா நெனச்சேன்."

மூன்று மாதத்தில் கல்யாணம். அதற்கு முன்னால் ரவியே என்னை அந்தப் பல் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். டொக்டர் வளைந்த தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மணலில் தேய்த்ததுபோல இருக்கிறதே என்று கேட்டார். கானில் விழுந்தது, கூடையில் அரித்தது, கேத்தலில் கொதித்தது என்று வரிசையாகச் சொன்னோம். "நான் பல்லுதானே குடுத்தேன்? நீங்க கஷாயம் வச்சிருக்கீங்க" என்றார். இந்தத் தடவை ஊசிக்கும் செதுக்கலுக்கும் தலையாட்டி, பக்கத்துப் பற்களைப் பிடித்து நிலையாகக் கட்டிக்கொண்டேன். தினமும் அதன் அடியில் நூல் விட்டுச் சுத்தம் செய்கிறேன். உள்ளங்கைச் சீனியை விட்டாயிற்று. லெச்சுமி அத்தையையும் அதே டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவருக்குக் கழற்றி மாட்டுகிற பல்தான். அதைத் திருவிழாவுக்கும் கல்யாண வீட்டுக்கும் மட்டும் போடுகிறார், மற்ற நாளில் நாக்கைக் கட்டுகிறதாம்.

ஆனால் அந்தக் காலை என் மாமியாரின் மனதில் ஆழமாக இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு எங்கள் சொந்தத்தில் எந்த வரன் வந்தாலும் சாதகம் பார்ப்பதற்கு முன்னால் அவரைக் கூப்பிட்டுவிடுவார்கள். அவரும் எந்தக் கூச்சமும் இல்லாமல், "எங்க தம்பி, ஒரு தரம் ஆன்னு சொல்லுங்க பாப்போம்" என்று கேட்டுவிடுவார். நான் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்துவிட்டேன். "ஒன்னாலதாம்மா நான் படிச்சேன்" என்கிறார்.

போன மாதம் என் நாத்தனாரைப் பெண் பார்க்கக் கலவானையிலிருந்து வந்தார்கள். அன்றைக்கு மட்டும் எதுவும் கேட்கக் கூடாது என்று ரவியும் நானும் மாமியாரிடம் சத்தியம் வாங்கியிருந்தோம். அவரும் வாயைத் திறக்காமல் நல்லபடியாகத்தான் வாசலில் நின்றார். வேனிலிருந்து ஐந்து பேர் இறங்கினார்கள். சப்பாத்துகளைக் கழற்றினார்கள். நாங்கள் 'வாங்க' என்று சொல்லி முடிப்பதற்குள், மாப்பிள்ளையின் தாய்மாமன், மீசை வைத்த பெரிய மனிதர், முன்னால் வந்து மாமியாருக்கு நேரே வாயை அகலத் திறந்தார்.

"பாருங்கம்மா. எனக்கு மேல ஒன்னு அடைச்சது, கீழ ரெண்டு இல்ல. மாப்பிள்ளைக்கு எல்லாம் சொந்தப் பல்லு" என்றார். அவருக்குப் பின்னால் மற்ற நால்வரும் ஏற்கனவே வாயைத் திறந்தபடி வரிசையில் நின்றார்கள்.

மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு உள்ளே போய் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வந்தார்.